கிருஷ்ணகுமாரி வாசித்து முடிக்கட்டும்

சவர்க்காரக் கட்டியை மூக்குக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு, உறையின் பின்பக்கத்தில் கடுகைவிடச் சிறிதாக அச்சடித்திருப்பதைக் கிருஷ்ணகுமாரி வாசித்துக்கொண்டிருக்கிறாள். சம்பளத்துக்கு அடுத்த நாள். யட்டியாந்தோட்டைக் கடைக்குள் அவளுக்குப் பின்னால் ஏழு பேர் நிற்கிறார்கள். அதில் ஒரு பையன் கையில் ஐஸ் பழம் உருகி முழங்கை வரைக்கும் வந்துவிட்டது. முதலாளி மேசையில் விரலால் தாளம் போட்டுப் பார்த்துவிட்டு, "நங்கி, சபன் கன்னவாத, விபாகெட பாடம் கரணவாத?" என்று சிங்களத்தில் கேட்கிறார். தங்கச்சி, சவர்க்காரம் வாங்க வந்தீரா, பரீட்சைக்குப் படிக்க வந்தீரா என்று அர்த்தம். "தவ பேளி தெகய், முதலாளி" என்கிறாள் அவள், தலையைத் தூக்காமல். இன்னும் இரண்டு வரிதானாம்.

அந்த இரண்டு வரியும் முடிந்த பிறகு பின்னால் திரும்பி, வரிசைக்கு இலவசமாகச் செய்தி அறிவிக்கிறாள்: "கண்ணுல பட்டா நல்லாத் தண்ணி ஊத்திக் கழுவணும்னு போட்டிருக்குங்க." இதற்குத்தான் ஐஸ் பழம் உருகியது.

நாற்பத்து மூன்று வயது. ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுக்கிற கை. இடது கட்டைவிரல் நகத்தடியில் காய்ந்த பால் கறுத்து எப்போதும் ஒரு கோடு. மூக்குக் கண்ணாடியின் ஒரு காலைத் தையல் நூலால் கட்டியிருக்கிறாள். அவள் வாயில் அதிகம் புரளுகிற வசனம் ஒன்றுதான்: "பொறுங்க, பின்பக்கம் இருக்கு." பஸ் டிக்கெட்டுக்குப் பின்பக்கம் இருக்கிறது. மாத்திரை அட்டைக்கும், தேயிலைப் பக்கெட்டுக்கும், கல்யாணக் கடிதாசிக்கும் பின்பக்கம் இருக்கிறது. போன மாசம் ஒரு வீட்டுக் கல்யாணக் கடிதாசியைத் திருப்பிப் பார்த்து, அச்சகத்தின் தொலைபேசி எண்ணில் ஓர் எண் குறைகிறது என்று மாப்பிள்ளையின் அப்பாவிடம் முறைப்பாடு செய்தாள். மனிதர் பாவம், கடிதாசி கொடுத்த வீடுகளிலேயே இவள் வீட்டை மட்டும் இன்றுவரை மறக்கவில்லை.

மத்தியானம் பால் நிறுக்கிற இடத்தில் அவள் நிற்கிற நிலையைப் பார்க்க வேண்டும். கங்காணி மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து எழுதுவார். இவள் இந்தப் பக்கம் வாளியோடு நின்றபடியே அந்தப் புத்தகத்தைத் தலைகீழாக வாசித்துவிடுவாள். "அண்ணே, எட்டரைங்க. எட்டுன்னு போட்டுட்டீங்க." கங்காணி ஒருமுறை புத்தகத்தைக் கையால் மறைத்து எழுதினார். "கை அசையிறதப் பாத்தாலே தெரியும்ங்க, ஏழு போடுறீங்க" என்றாள். அன்றிலிருந்து அவர் மறைப்பதை விட்டுவிட்டார். மறைத்து என்ன பிரயோசனம்?

இத்தனைக்கும் அவள் பெரிய படிப்புக்காரி இல்லை. சாதாரண தரப் பரீட்சையில் தமிழில் நல்ல புள்ளி; ஆங்கிலத்தில் இரண்டு தடவை தவறினாள். தவறிய பிறகுதான் அகராதி வாங்கினாள். பரீட்சைக்கு முன்னர் வாங்கியிருக்கலாமே என்று கேட்டால், அப்போது வாங்கக் காசு யார் கொடுத்தார்கள் என்பாள். அவள் புருஷன் சுரேந்திரன், பால் ஏற்றுகிற டிராக்டரில் உதவியாளன். ஊரில் யாராவது அவளைக் கேலி செய்தால் அவனே முந்திக்கொள்வான்: "நல்ல வேளைங்க, எனக்குக் கழுத்த நீட்டுனது இந்த வியாதி வர முன்னாடி. இப்பன்னா என்னயத் திருப்பி முதுகுப் பக்கம் வாசிச்சிட்டுத்தான் தாலிக்கே ஒத்துக்குவா."

வியாதி எப்போது வந்தது என்பது தோட்டத்தின் அந்த டிவிசனில் எல்லோருக்கும் தெரியும். யாரும் சத்தம் போட்டுச் சொல்வதில்லை.

ஆறு வருடத்துக்கு முன்னர், ஓர் அடைமழை மாசம், காலைப் பெயர் எடுக்கிற பிரட்டுக்களத்தில் தோட்ட நிர்வாகத்தார் தொழிலாளருக்கு ரெயின்கோட் கொடுத்தார்கள். சும்மா. ஆளுக்கொன்று. ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு எடுத்துப் போக வேண்டியதுதான். தாளின் மேல்பாதி ஆங்கிலத்தில் இருந்தது. வரிசையில் முதலாவது ஆள் கிருஷ்ணகுமாரி. மழை கண்ணாடியில் வழிந்துகொண்டிருந்தது, ரெயின்கோட் நல்ல மஞ்சள் நிறம். போட்டாள். பின்னால் நின்றவர்கள், "குமாரி படிச்ச புள்ள, அதுவே போட்டிருச்சி, அப்புறம் என்னா" என்று ஒவ்வொருவராகப் போட்டார்கள். இரண்டு மாசம் கழித்துக் கீழ்லயத்து வரிசை வீடுகளுக்கு முன்னால் பிள்ளைகள் பந்தடிக்கிற தரையைச் சுற்றி முள்ளுக்கம்பி வந்தது. ரப்பர் நாற்று மேடையாம். கேட்கப் போனவர்களுக்கு அந்தத் தாளைக் காட்டினார்கள். தொழிலாளர் எல்லோரும் முழுச் சம்மதத்தோடு தரையை விட்டுக்கொடுத்திருந்தார்கள். முதலாவது கையெழுத்து வட்டவட்டமாக, அழகாக, யார் பார்த்தாலும் வாசிக்கக்கூடியதாக இருந்தது.

ரெயின்கோட் இரண்டாவது மழையிலேயே அக்குளில் கிழிந்தது. அதைப் பற்றி அந்தத் தாளில் ஒன்றுமில்லை.

கீழ்லயத்தின் கடைசிக் காம்பராவில் இலட்சுமி இருக்கிறாள். ஐம்பத்தெட்டு வயது, வலது முழங்கால் மடங்காது. தண்ணீர்க் குழாய் தரைக்கு அந்தப் பக்கம். முன்பெல்லாம் நேரே குறுக்கே நடந்து போய் வாளியை நிரப்பிக்கொண்டு வருவாள். கம்பி வந்த பிறகு வேலியைச் சுற்றி, படிக்கட்டு ஏறி இறங்கி, போகவர அரை மணித்தியாலம். அவள் கிருஷ்ணகுமாரியிடம் சண்டைக்குப் போகவில்லை. ஒருதரம் மட்டும் வழியில் நிறுத்தி, "நீ போட்டன்னுதானே நானும் போட்டேன்" என்றாள். அதோடு பேச்சு நின்றது. ஆறு வருடம். சங்கத்துக்குக் கட்டுகிற காசைக்கூடப் பக்கத்து வீட்டுப் பிள்ளை கையில் கொடுத்துத்தான் அனுப்புவாள்.

சங்கம் என்றால் மரண உதவிச் சங்கம். டிவிசனில் நூற்றுப்பன்னிரண்டு குடும்பமும் அதில் இருக்கிறது. ஒரு வீட்டில் உயிர் போனால் பெட்டி, கூடாரத் துணி, கதிரை, வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி எல்லாம் மூன்று மணித்தியாலத்துக்குள் வந்து இறங்கும். பொருளாளர் கிருஷ்ணகுமாரி. ரெயின்கோட்டுக்குப் பிறகும் அவளை ஏன் வைத்திருக்கிறார்கள் என்றால், அதற்குப் பிறகுதான் அவளை வைத்தார்கள். இனி இந்த மனுசி வாசிக்காமல் ஒன்றிலும் கைவைக்காது என்று சனத்துக்குத் தெரியும். பட்டவளைத்தான் காவலுக்கு வைக்க வேண்டும் என்று யாரோ கணக்குப் பண்ணியிருக்கிறார்கள்.

போன வைகாசிக் காற்றில் சங்க அறையின் தகரம் ஒன்று பறந்து, கணக்குக் கொப்பி முழுக்க நனைந்தது. மை ஓடி நீலக் குளமாகிவிட்டது. யார் கட்டினார், யார் கட்டவில்லை என்று தெரியாமல் போனதில், நூற்றுப்பன்னிரண்டு குடும்பமும் ஒரே பகலில் யோக்கியமாகிவிட்டது. "நான் ஒரு மாசமும் விட்டதில்லைங்க" என்று சத்தியம் பண்ணாத ஆள் இல்லை. அந்தச் சத்தியங்களை எல்லாம் கேட்டு முடித்த தலைவர் இராமசாமி, ஓய்வுபெற்ற கங்காணி, மைக் இல்லாவிட்டாலும் மைக்கில் பேசுகிறவர், "இனிமே கம்பியூட்டர்தான்" என்று அறிவித்தார்.

கித்துல்கலையில் படகுச் சவாரி விடுகிற ஒரு சின்னக் கந்தோர் மூடப்பட்டபோது, அங்கே இருந்த பழைய கணினியைச் சங்கம் மலிவாக வாங்கியது. மேசையில் வைத்து அழுத்தினால், திரை நிறைய ஒரு ரப்பர்ப் படகும், அதில் வாயைப் பிளந்து அலறுகிற எட்டு வெள்ளைக்காரரும் வருவார்கள். சங்க அறை முன்பு, வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப் போகிற பிள்ளைக் காம்பராவாக இருந்தது. சுவரில் வாத்தும் முயலும் வரைந்திருக்கும். அந்த வாத்துக்கும் வெள்ளைக்காரருக்கும் நடுவில் இருந்துதான் இனி சாவுக் கணக்குப் பார்க்க வேண்டும்.

கணக்கு மென்பொருள் போட்டுத் தர முக்தார் வந்தான். யட்டியாந்தோட்டைக் கடைத்தெருவில் கணினி திருத்துகிற இளந்தாரி, முப்பது வயதுக்குள். முச்சக்கர வண்டியை வெளியில் திருப்பி நிறுத்திவிட்டுத்தான் உள்ளே வருவான், அவ்வளவு அவசரம்.

"ரெண்டு சாதி ஈக்கி அக்கா" என்றான். "ஒண்டு பெரிய கம்பனிட. சல்லி கட்டி எடுக்கோணும். ஆனா எல்லாரும் பூட்ட ஒடச்சிட்டுத்தான் போடுற. எங்கட வாப்பாக்குத் தெரிஞ்சா என்ன கடைக்குள்ள எடுக்க மாட்டாரு. மத்தது இது. ஒலகத்துல ஈக்கிற ஆக்கள் சேந்து எழுதி, யாரும் பாவிங்கொ எண்டு உட்டீக்கி. சும்மா."

"சும்மாவா?"

"சும்மா."

"ரெயின்கோட்டும் சும்மாதாங்க தம்பி குடுத்தாங்க" என்றாள் கிருஷ்ணகுமாரி.

முக்தாருக்கு ரெயின்கோட் கதை தெரியாது. பென் டிரைவைச் செருகினான். மொழி கேட்டது, தமிழ் என்று கொடுத்தான். ஒரு பெட்டி திறந்தது. பெட்டிக்குள் ஆங்கிலம் மேலிருந்து கீழே மழைபோல் கொட்டிக் கிடந்தது. அடியில் ஒரு பொத்தான்: ஏற்கிறேன். பொத்தான் தமிழில். எதை ஏற்கிறோம் என்பது மட்டும் ஆங்கிலத்தில். முக்தாரின் விரல் பழக்கத்தில் அதன்மேல் போனது. கிருஷ்ணகுமாரி அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"பொறுங்க. பின்பக்கம் இருக்கு."

"இதுக்குப் பின்பக்கம் இல்ல அக்கா, இது கம்பியூட்டரு."

"கீழ போகுது பாருங்க. இது என்னாது?"

"இது சும்மா அக்கா. சட்டம் கிட்டம். ஒத்தரும் வாசிக்கிறல்ல."

"நீங்க?"

"நானா? நாப்பது கடைக்குப் போட்டீக்கி."

"அதில்ல தம்பி. வாசிச்சிருக்கீங்களா?"

முக்தார் வாத்தைப் பார்த்தான். பிறகு முயலைப் பார்த்தான். "அக்கா, எனக்கு மூணு மணிக்குக் கித்துல்கலையில ஒரு ஓட்டல் வேல ஈக்கி" என்றான். அது பதில் இல்லை என்று அவனுக்கே தெரிந்தது.

தலைவர் இராமசாமி கதவடியில் நின்று பொறுமை இழந்தார். "அம்மா பொருளாளர், அமத்துங்க. நீங்க வாசிச்சி முடியிறதுக்குள்ள நானே செத்துருவேன். அப்புறம் என் கணக்குலதான் கம்பியூட்டரத் தொறக்கணும்."

"அமத்தலாங்க. இது என் வீட்டுப் பொட்டின்னா இப்பவே அமத்திருவேன். சங்கத்துப் பொட்டிங்க இது. நான் அமத்தினா நூத்திப்பன்னெண்டு வீடும் அமத்துன மாதிரி."

இராமசாமி திறந்த வாயை மூடிக்கொண்டார். ரெயின்கோட் வரிசையில் அவர் மூன்றாவது ஆள். கொஞ்ச நேரம் கழித்து, தலைவரின் மிடுக்கைத் தேடி எடுத்துக்கொண்டு, "அடுத்த ஞாயித்துக்கெழம இல்ல, அதுக்கடுத்த ஞாயித்துக்கெழம பொதுக்கூட்டம். அன்னிக்கி இந்தப் பொட்டியில கணக்கு ஓடணும். இல்லாட்டி வாசிக்கத் தெரியாத ஒரு ஆளப் பாத்துப் பொருளாளராப் போட்டுருவோம்" என்றார்.

முக்தார் அந்த மழை முழுவதையும் தன் கடையில் அச்சடித்துக் கொடுத்தான். பதினொரு தாள். கிருஷ்ணகுமாரி வாங்கியதும் முதல் வேலையாகத் தாள்களைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெறுமை. "ஒரு பக்கத்துலதான் அடிச்சீக்கி, பயப்பட வேணாம்" என்றான் அவன்.

ஒரு கிழமை, பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்ததிலிருந்து விளக்கு வைக்கிற வரைக்கும், அகராதியும் அப்பியாசக் கொப்பியுமாக உட்கார்ந்தாள். ஒரு சொல்லுக்கு அகராதியில் ஐந்து அர்த்தம் இருந்தால் ஐந்தையும் எழுதினாள். சுரேந்திரன் சோற்றைத் தானே போட்டுச் சாப்பிட்டுவிட்டு, "என்னா சொல்றாங்க ஒன் வெள்ளக்காரங்க?" என்று கேட்பான். "யாரும் எடுக்கலாமாம். எதுக்கும் பாவிக்கலாமாம். படி எடுத்து மத்தவங்களுக்கும் குடுக்கலாமாம்." "அப்புறம்?" "அப்புறந்தான் தேடுறேன்" என்பாள். எங்கேயோ ஒரு முள்ளுக்கம்பி இருக்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்காமல் அவளுக்குத் தூக்கம் வரவில்லை.

இரண்டாவது கிழமை கொப்பியை எடுத்துக்கொண்டு லயம் லயமாகக் கிளம்பினாள். ஒரு பொத்தானை அழுத்த நூற்றுப்பன்னிரண்டு வீட்டின் சம்மதம். கணக்கு மென்பொருள் எழுதிய அந்த உலகத்து ஆட்கள் எந்தத் தேசத்தில் இருந்தாலும், இப்படி ஒரு பாவனையாளர் தங்களுக்கு வாய்ப்பார் என்று கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள்.

சம்மதம் வாங்குவது கஷ்டமாக இல்லை. சம்மதத்தைத் தடுப்பதுதான் கஷ்டமாக இருந்தது. அவள் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் பேனையைப் பிடுங்கிக் கையெழுத்துப் போட வந்தார்கள். "போடாதீங்க! கேட்டுட்டுப் போடுங்க!" என்று கொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொள்வாள். இரண்டாம் நாள் பிள்ளைகள் காவல் இருக்கத் தொடங்கின. "வாசிக்கிற அக்கா வாறாங்கோ!" என்று ஒரு குரல் கேட்டதும் லயம் நெடுகத் தொலைக்காட்சிகள் வாயை மூடும், கதவுகள் சாத்திக்கொள்ளும். ஒரு மனிதர் குளிக்கிற இடத்துக்குள் இருந்து, "எனக்குச் சம்மதம்மா, சம்மதம்" என்று கத்தினார். கிருஷ்ணகுமாரி வெளியே நின்று, அவர் தலை துவட்டி முடிக்கும் வரைக்கும் உரக்க வாசித்தாள். இன்னொருவர் சாயங்காலச் சாராயச் சுருதியில் இருந்தார். இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, இரண்டு தடவையும் கண்கலங்கினார்.

கேள்விகளும் வந்தன. "இதுக்கு மாசம் எவ்வளவு வெட்டுவாங்க?" "நம்ம பேரெல்லாம் வெள்ளக்காரனுக்குத் தெரிஞ்சிருமா?" பிழையாக ஓடினால் எழுதியவர்கள் பொறுப்பில்லை என்ற பத்தியைக் கேட்டு மேல்லயத்து ஆள் ஒருவர், "நேராவே எழுதிட்டானா? நல்ல மனுசன்யா. நம்ம ஆளுங்க இத எழுத மாட்டாங்க, செஞ்சி மட்டும் காட்டுவாங்க" என்று பாராட்டிக் கையெழுத்திட்டார்.

சனிக்கிழமை மத்தியானத்துக்குள் நூற்றுப்பதினொரு பெயர் ஆயிற்று. முக்தார் பிள்ளைக் காம்பராவில் கணினிக்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டான். நாளைக்குக் கூட்டம். இராமசாமி மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அங்கே கடிகாரம் இல்லை. "ஒரு வீடுதானே, உட்டுருங்க. நூத்துக்கு நூறு எவன் கேட்டான்?" என்றார். கிருஷ்ணகுமாரி கொப்பியைப் பையில் வைத்துக்கொண்டு கீழ்லயத்துக்கு இறங்கினாள். வேலியைச் சுற்றித்தான் போக வேண்டும். போனாள்.

இலட்சுமி வாசலில் முழங்காலை நீட்டிப் போட்டு அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். குனிந்துகொண்டாள்.

"அக்கா, வாசிக்கட்டுங்களா?"

இலட்சுமி சுளகை ஒரு தட்டுத் தட்டினாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. கிருஷ்ணகுமாரி படியில் உட்கார்ந்து வாசித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று பத்திப் பத்தியாக. இலட்சுமியின் விரல் கல்லை எடுத்து எறிந்துகொண்டே இருந்தது. மற்ற வீடுகளில் நாலாவது பத்தியில் கொட்டாவி வரும்; இங்கே வரவில்லை. எட்டு முடிந்தது. பத்து தொடங்கியது.

"ஒம்பது எங்க?" என்றாள் இலட்சுமி.

ஆறு வருடத்தில் அவளிடம் பேசிய முதற் சொல் அது.

இலட்சுமிக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் முப்பது வருடம் தினமும் முந்நூறு மரம் வெட்டியவள்; ஒரு மரம் தவறினால் கால் தானாக நிற்கும். நூற்றுப்பதினொரு வீட்டில் பள்ளிக்கூடம் போனவர்கள், பாஸ் பண்ணியவர்கள், தலைவர், செயலாளர் எல்லோரும் கேட்டார்கள். ஒருவரும் எண்ணவில்லை.

"அது... அது எனக்குச் சரியா வெளங்கலக்கா. தப்பா வாசிச்சிருக்கேன் போல. அதான் உட்டுட்டேன்."

"எல்லா வீட்டுலயும் உட்டியா?"

"ஆமாக்கா."

"அப்ப ஒனக்கு வெளங்காததுலதான் எல்லாரும் போட்டிருக்காங்க." இலட்சுமி சுளகைக் கீழே வைத்தாள். "மறுபடியும்."

கிருஷ்ணகுமாரியின் முகம் காது மடல் வரைக்கும் சிவந்தது. கொப்பியை மூடித் திறந்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், நூல் கட்டு அவிழ்ந்து கால் தொங்கியது. ஒரு கையால் பிடித்துக்கொண்டாள்.

"வெளங்குன மட்டும் சொல்லு" என்றாள் இலட்சுமி.

"சிரிப்பீங்கக்கா."

"நான் சிரிச்சி ரொம்ப நாளாச்சு. சொல்லு."

"இத ஒத்துக்கலன்னாலும் பரவாயில்லயாம். ஒத்துக்காதவங்களும் இத வாங்கலாம், ஓட்டலாம்னு போட்டிருக்குங்க. மூணு தடவ அகராதி பாத்தேன். 'வேணும்'னு இருக்க எடத்துல 'வேண்டியதில்ல'ன்னே வருது. எந்தத் தாளுலங்க அப்படிப் போடுவாங்க? எனக்கு இங்கிலீசு தெரியாததுதான் காரணம்னு உட்டுட்டேன்."

இலட்சுமி வேலிப் பக்கம் பார்த்தாள். கம்பிக்குள் நாற்றுகள் வரிசையாக, கறுப்புப் பைகளில், நல்ல செழிப்பாக நின்றன.

கிருஷ்ணகுமாரி முக்தாருக்குத் தொலைபேசி எடுத்து, ஒலியைக் கூட்டி இருவருக்கும் நடுவில் படியில் வைத்தாள். "தம்பி, திரையில ஒம்பதாவது பத்திக்குப் போங்க. வாசிச்சிப் பாருங்க. அவசரப்படாம."

முக்தார் சொற்களை ஒவ்வொன்றாக மெல்லுவது கேட்டது. பிறகு, "அக்கா."

"சொல்லுங்க."

"நீங்க சொல்ற சரிதான். ஒத்துக்கொள்ளாட்டியும் பாவிக்கேலுமாம்." மறுபடி முணுமுணுத்து வாசித்தான். "அப்ப நான் நாப்பது கடையிலயும் என்னத்துக்கன் இதெ அமத்தின?"

பின்னால் இராமசாமியின் குரல்: "என்னாவாம்? அமத்தலாமாவாம்?"

இலட்சுமி சிரித்தாள். சத்தமாக இல்லை; மூக்கால் ஒரு காற்று. அது கிருஷ்ணகுமாரியைப் பார்த்தா, இராமசாமியை நினைத்தா, அந்தத் தாளை நினைத்தா என்று சொல்ல முடியாது.

"அப்ப நான் ஒத்துக்க மாட்டேன்" என்றாள்.

"அக்கா..."

"ஒத்துக்க மாட்டேன்னா மாட்டேன். அன்னிக்கி இப்பிடிக் கேக்கத் தெரியல." சுளகை மறுபடி மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "நீ பொட்டிய ஓட்டு. கூட்டத்துக்கு ஓடணும்ல. என் காசையும் அதுல எழுது. ஆனா நான் ஒத்துக்கல."

ஆறு வருடமாகக் கேட்க நினைத்த மன்னிப்பு, ஒரு சம்மதமாகக்கூடக் கிடைக்கப் போவதில்லை என்பது கிருஷ்ணகுமாரியின் முகத்தில் வந்து போயிற்று. பிறகு தொலைபேசியை எடுத்து, "தம்பி, நாளைக்குக் கூட்டத்துல ஒம்பதாவது பத்திய மொதல்ல எல்லாருக்கும் வாசிப்பேன்னு தலைவர்கிட்ட சொல்லுங்க. கேட்டுட்டுப் பேர எடுக்கிறவங்க எடுக்கட்டும்" என்றாள். "இப்ப நீங்க அமத்துங்க."

"ஹரி அக்கா!" என்று சிங்களத்தில் சரி சொன்னான் முக்தார். இரண்டு கிழமை காத்திருந்த விரல்.

அவள் தொலைபேசியை வைத்துவிட்டுக் கொப்பியின் கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். முந்தைய பெயர்களுக்கு நேரே 'சம்மதம்' என்று எழுதியிருந்தது. கீழே புதிதாக, வட்டவட்டமாக எழுதினாள்.

"என்னா எழுதுன? வாசி."

"நூத்திப்பன்னெண்டு. இலட்சுமி. முழுதும் வாசித்துக் காட்டப்பட்டது. சம்மதமில்லை."

"இன்னொருக்கா வாசி."

வாசித்தாள்.

இலட்சுமி அரிசித் தூசு ஒட்டிய கையைச் சேலையில் துடைத்துவிட்டு நீட்டினாள். கிருஷ்ணகுமாரி பையிலிருந்து மைப்பெட்டியை எடுத்துத் திறந்து பிடித்தாள். இலட்சுமி பெருவிரலை மையில் ஒற்றி, 'இல்லை' என்ற சொல்லுக்குப் பக்கத்தில், யாரும் காட்டாமலே சரியான இடத்தில் வைத்து, நிதானமாக உருட்டி எடுத்தாள்.

படியில் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. முக்தார். அடித்து நின்று, மறுபடி அடித்தது. மழைக்கு முந்திய ஈரக் காற்று. மை சுலபத்தில் காயாது. கிருஷ்ணகுமாரி கொப்பியை இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்து, ஒரு ரேகையும் கலையாமல், மெதுமெதுவாக அந்தப் பெருவிரல் அடையாளத்தின்மேல் ஊதிக்கொண்டிருந்தாள்.